சிலைக்கு மாலை, எழுதியவனுக்கு என்ன?

1966இல் நம் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. இரண்டாவது மாநாடு 1968 ஜனவரியில் சென்னையில் நடந்தது. அதையொட்டிச் சென்னைக் கடற்கரைச் சாலையில் தமிழுக்குத் தொண்டு செய்த பெரியோர்க்குச் சிலைகள் எழுப்பினார்கள். பாரதியாரின் சிலையும் அவற்றுள் ஒன்று. பாராட்ட வேண்டிய செயல். நாம் குறை சொல்லவில்லை.

ஆனால், அந்தச் சிலையிலிருந்து சிறிது தூரம் நடந்தால் திருவல்லிக்கேணி. அங்கேதான் 1921 செப்டம்பரில், 39 வயது நிரம்பு முன்னரே அவர் வறுமையில் மாண்டார். சுடுகாடுவரை சென்றவர்கள் மிகச் சிலரே.

அதற்கு முந்தைய ஆண்டு, 1920இல், அவர் ஓர் அறிக்கை விடுத்தார். தம் எழுத்தையெல்லாம் 40 நூல்களாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட வேண்டும். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிட வேகமாக அவை விலைபோக வேண்டும் என்பது அவர் திட்டம். அதற்காக ஆளுக்கு 100 ரூபாயாவது கேட்டார். தானமாக அல்ல, கடனாக! அவர் உயிரோடிருந்தவரை அந்தத் திட்டம் கைகூடவில்லை. சிலை மட்டும் 47 ஆண்டு கழித்து வந்தது.

இவர் நமக்கு அந்நியரா? பீஜித் தீவைக் கண்ணால் காணாமலே, அங்கே கரும்புத் தோட்டத்தில் வதைபட்ட நம் பெண்களுக்காகப் பாட்டெழுதியவர். தோட்டத் தொழிலாளியின் கண்ணீரைத் தம் கண்ணீராக எண்ணியவர்.

இன்று நம் நாட்டிலும் தோட்டத்து வாழ்வை எழுதுவோர் இருக்கிறார்கள். கைக்காசைப் போட்டு அச்சிட்டு, தாமே சுமந்து விற்கிறார்கள். நாம் மேடையில் மாலை போடுகிறோம். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறோம். அவர்கள் இறந்த பிறகு இரங்கல் தீர்மானம் போடுவதில் யாருக்கு என்ன பயன்?

“பால்வெட்டி வயிறு கழுவுகிறவனுக்குப் புத்தகம் வாங்கக் காசேது?” என்று கேட்கலாம். நியாயந்தான். ஆனால் சங்கத்தை எப்படிக் கட்டினோம்? ஆளுக்குக் கொஞ்சம் சந்தா போட்டுத்தானே! பத்துக் குடும்பம் சேர்ந்தால் ஒரு புத்தகம் வாங்க முடியாதா? கிராணிமார்களும் படித்த பிள்ளைகளும் மாலை வேளையில் உரக்கப் படித்தால், எழுத்தறியாத முதியோரும் கேட்பார்களே!

அடுத்த கிளைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள். மாலைக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்கும் பணத்தில், ஆண்டுதோறும் உள்ளூர் எழுத்தாளரின் நூல்களை விலை கொடுத்து வாங்குவோம். எழுதுகிறவன் உயிரோடிருக்கும்போதே அந்தக் காசு அவன் கைக்குப் போகட்டும்!