மூக்கைப் பார்க்கும் முன் வேலையைக் கேளுங்கள்!

ஆம்பூர் என்றதும் பெரும்பாலானவர்களுக்கு நாக்குதான் ஞாபகம் வரும். பிரியாணி அப்படி! கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுக்குக் கால் ஞாபகம் வரும். வெளிநாட்டுக் கடைகளில் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் எத்தனையோ ஷூக்கள் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் பிறந்தவைதான். ஆனால் அந்த ஷூவைச் செய்கிறவர்களின் மூக்கும் காதும் மட்டும் யார் ஞாபகத்துக்கும் வருவதில்லை.

சரி, இந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமா? இல்லவே இல்லை. 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. அங்கே வைத்தியம் பார்க்க வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நாள் கணக்கில் ரயில் ஏறி வருகிறார்கள். 2005 முதல் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022-ல் ராணிப்பேட்டை அருகே சி.எம்.சி.யின் புதிய வளாகமும் வந்துவிட்டது. ஆக, இங்கே குறை கத்தி பிடிக்கும் கைகளில் இல்லை. தொழிலாளி அந்தக் கைகளிடம் எப்போது போய்ச் சேருகிறார் என்பதில்தான் இருக்கிறது.

ஒரு டாக்டர் கவனித்த விஷயம்

இங்கிலாந்தில் ஹை வைகோம்ப் என்று ஓர் ஊர். நாற்காலி, மேஜை செய்வதற்குப் பேர் போன ஊர். அங்கே எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற பெண்மணி காது மூக்கு தொண்டை நிபுணராக இருந்தார். மூக்கின் உள்ளறைகளில் ஒரு வகைப் புற்றுநோய் வரும். மிக மிக அபூர்வமானது. ஆனால் அவரிடம் மட்டும் அந்த நோயோடு ஒருவர் மாற்றி ஒருவர் வந்துகொண்டே இருந்தார்கள். "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்ற கேள்விக்குத் திரும்பத் திரும்ப ஒரே பதில்... மர வேலை! அவரும் ஆக்ஸ்போர்டு மருத்துவர்களும் சேர்ந்து 1960-களில் இதை உலகுக்குச் சொன்னார்கள்.

அதன் தொடர்ச்சியாக 1970-ல் வெளிவந்த ஆய்வு நம் ஊரை நேராகத் தொடுகிறது. இங்கிலாந்தின் ஷூ தயாரிப்பு மாவட்டமான நார்தாம்ப்டன்ஷையரில், ஷூ தொழிலாளர்களுக்கும் அதே மூக்குப் புற்றுநோய் அதிகமாக வருவது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1987-ல் ஷூ தயாரிப்புத் தொழிலைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. 2012-ல் வெளியான அதன் தொகுப்பு இன்னும் தெளிவாகத் தோல் தூசியையே பெயர் சொல்லி அந்தப் பிரிவில் வைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோல் பதனிடுதல் அந்த முதல் பிரிவில் இல்லை. குற்றவாளி தூசிதான். காய்ந்த தோலை பஃபிங் மிஷினில் தேய்க்கும்போதும், பசை பிடிப்பதற்காக ஷூவின் அடிப்பகுதியைச் சுரண்டும்போதும் பறக்கிறதே, அந்தத் தூசி!

ஒரு பக்க மூக்கடைப்பு

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்துவிட வேண்டாம். இது அபூர்வ நோய்தான். தூசியில் நிற்கிற எல்லாருக்கும் வராது. ஆனால் இதன் குணம் பொல்லாதது. தூசி உள்ளே போய் இருபது, முப்பது வருஷம் கழித்துக்கூட நோய் தலைகாட்டும். ஆள் அதற்குள் கம்பெனி மாறியிருப்பார், அல்லது வேலையை விட்டிருப்பார். ஆரம்ப அடையாளமும் சாதாரணமாகத்தான் இருக்கும். ஒரு பக்க மூக்கு மட்டும் அடைக்கும், அந்தப் பக்கம் மட்டும் அவ்வப்போது ரத்தம் கசியும். 'சளிதான், சூடுதான்' என்று மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு மாதங்கள் ஓடிவிடும்.

ஆனால் கண்டுபிடிக்கும் வழி சுலபம். பென்சிலை விட மெல்லிய எண்டோஸ்கோப் குழாயை மூக்குக்குள் விட்டுப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். சந்தேகம் வந்தால் சி.டி. ஸ்கேன், பிறகு சிறு சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதனை. முன்பெல்லாம் மூக்கின் ஓரமாக முகத்தைக் கீறித்தான் கட்டியை எடுப்பார்கள். இன்று சீக்கிரம் வந்தால் முகத்தில் ஒரு கோடுகூட விழாமல் மூக்குத் துளை வழியாகவே எடுக்க முடிகிறது. தாமதமானால் கட்டி கண் குழிக்கும் மூளையின் அடித்தளத்துக்கும் பரவிவிடும். பிறகு ஆபரேஷனும் பெரிது, செலவும் பெரிது, பிழைக்கும் வாய்ப்பு மட்டும் சிறிது.

காது கதை வேறு

செவிப்பறையில் ஓட்டை விழுந்தால் நம் உடம்பிலிருந்தே ஒரு மெல்லிய சவ்வை எடுத்து ஒட்டுப் போட்டுவிடலாம். அதனால் 'காது கேட்காவிட்டால் ஆபரேஷன் இருக்கிறது' என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் வருஷக்கணக்கில் மிஷின் இரைச்சலில் நிற்பவருக்குக் கெடுவது செவிப்பறை அல்ல, உள்காதில் இருக்கும் நுண்ணிய முடி செல்கள். செத்துப்போன அந்த செல்கள் மறுபடி முளைப்பதில்லை. அவற்றை உயிர்ப்பிக்க எந்த ஆபரேஷனும் இல்லை! மிஞ்சுவது பெரும்பாலும் காது மிஷின்தான்.

இந்த இழப்பு வழக்கமாக 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தொடங்கும். சாதாரணப் பேச்சு கேட்டுக்கொண்டே இருப்பதால் ஆளுக்குத் தெரியாது. ஆடியோமெட்ரி பரிசோதனையின் வரைபடத்தில் மட்டும் அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்தைப் பார்த்த அன்றே காதுக்கு அடைப்பானும், வேறு பிரிவில் வேலையும் கொடுத்தால் மீதிக் காதைக் காப்பாற்றலாம். வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்லிச் சண்டை வரும்வரை காத்திருந்தால்... காத்திருந்ததுதான் மிச்சம்.

இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. 2020-ல் நிறைவேறிய புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பின் பட்டியலிலும் இருக்கிறது. பட்டியலில் இருக்கிறது சரி, பரிசோதனை மேஜையில் இருக்கிறதா?

கணக்கில் வராத செலவு

வணிகவியல் படிக்கிற யாரும் ஒரு ஜோடி ஷூவுக்கு அடக்கவிலை போட்டுவிடுவார்கள். தோல், ரசாயனம், கூலி, மின்சாரம், தேய்மானம். மிஷின் தேய்வதற்குத் தேய்மானம் எழுதுகிறோம். மிஷின் முன்னால் நிற்பவரின் காது தேய்வதற்கு எந்தக் கணக்கில் எழுதுகிறோம்? அது தொழிலாளியின் வீட்டுக் கணக்கில் போய் விழுகிறது.

இதற்கு ஒரு வழக்கே வழி காட்டுகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 28 ஆகஸ்ட் 1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாலாற்றையும் நிலத்தையும் கெடுத்த டேனரிகளே ஈடு கட்ட வேண்டும், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்றது. நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் சட்டத்துக்கு அடித்தளம் போட்ட தீர்ப்பு நம்ம ஊர்க்காரர்கள் போட்ட வழக்கில் வந்தது! மண்ணுக்கும் தண்ணீருக்கும் உள்ள அந்த நியாயம் மூக்குக்கும் காதுக்கும் ஏன் பொருந்தக் கூடாது?

'போட்டி அதிகம், லாபம் குறைவு' என்று முதலாளிகள் சொல்வார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கேட்பது மலையையா? பஃபிங் மிஷினுக்குத் தூசி உறிஞ்சும் அமைப்பு, இரைச்சல் பிரிவில் காது அடைப்பான், வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி வாசலிலேயே காது, மூக்குப் பரிசோதனை. அவ்வளவுதான். இ.எஸ்.ஐ.க்கு 2019 ஜூலை முதல் சம்பளத்தில் முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டி வருகிறார்கள். கட்டுகிற பணத்துக்கு நோய் முற்றிய பிறகுதான் பலன் என்றால் அது நல்ல வியாபாரமா? ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டியவருக்கு அது வெகு தூரம். அவர் டாக்டரிடம் போக முடியாவிட்டால் பரிசோதனை அவரிடம் வரட்டும்.

டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோயாளியிடம் "என்ன தொழில்?" என்று மறக்காமல் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700-லேயே எழுதி வைத்துவிட்டுப் போனார். ஓ.பி. சீட்டில் வயது இருக்கிறது, ஊர் இருக்கிறது. அதன் பக்கத்தில் இன்னும் ஒரே ஒரு வரி... என்ன வேலை, எந்தப் பிரிவு, எத்தனை வருஷம்?

ஹை வைகோம்பில் அந்தப் பதிலைக் கவனிக்க ஒருவர் இருந்தார். இந்த ஊர் ஆஸ்பத்திரிகளிலும் தினமும் யாரோ ஒருவர் அதே பதிலோடுதான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் சொல்லிவிடுவார்.