மிச்சம் முதலாளிக்கு, காயம் கூலிக்காரருக்கா?

பதிவு கொஞ்சம் நீளம். மரம் அறுக்கும் மிஷின் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அதை நம் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை வந்தால் இங்கே செயின்சாவுக்கு வேலை வந்துவிடும். சவுக்குத் தோப்புகளில் மற்ற மாதங்களிலும் வேலை உண்டு.

உதிரிபாகம் வாங்கப் போனால் கடலூரானாலும் சிதம்பரமானாலும் கேள்வி ஒன்றுதான்: "ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?" இந்தக் கேள்வியே தப்பு என்கிறேன்.

சரக்கு இரண்டு வகை அல்ல, மூன்று வகை. மிஷின் கம்பெனியே தன் பெட்டியில் போட்டுத் தருவது ஒன்று. வேறு கம்பெனி தன் சொந்தப் பெயரில், தன் பொறுப்பில் விற்பது இன்னொன்று. பெயரே இல்லாமலோ, அடுத்தவன் பெயரை ஒட்டிக்கொண்டோ வருவது மூன்றாவது. கடைசி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து 'டூப்ளிகேட்' என்று சொல்வது நியாயமில்லை.

அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி 1946-ல், கட்டையைக் குடைந்துகொண்டிருந்த புழுவின் தாடையைக் கவனித்து, அதே மாதிரி அறுக்கும் செயினைச் செய்தார். இன்றைய செயின்களுக்கு அதுதான் மூலம். அவர் தொடங்கிய ஓரிகன் கம்பெனி மற்றவர்களின் மிஷின்களுக்குச் செயின் செய்தே வளர்ந்தது. அதை டூப்ளிகேட் என்பீர்களா? ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், ஸ்டார்ட்டர் கயிறு இவற்றுக்கெல்லாம் "கம்பெனி பெட்டிதான் வேண்டும்" என்று அடம்பிடிப்பது வீண் செலவு. பெயருள்ள வேறு கம்பெனி பொருள், அளவு சரியாக இருந்தால் போதும்.

ஆனால் உயிரைக் காக்கும் பாகங்களில் இந்தச் சிக்கனம் கூடாது. முழு வேகத்தில் செயின் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 72 கிலோமீட்டர். பாரின் நுனி மேல்பக்கம் கட்டையில் பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். அந்த நொடியில் செயினை நிறுத்துவது செயின் பிரேக். அறுந்த செயின் பின்னால் சுழன்று வந்தால் தடுப்பது செயின் கேட்சர் என்ற சின்னத் துண்டு. இந்த இரண்டையும் கம்பெனி பாகமாகவே வாங்குங்கள். செயினிலும் பாரிலும் பெயரில்லாத சரக்கைத் தொடாதீர்கள். பிட்ச், கேஜ், லிங்க் எண்ணிக்கை மூன்றும் பொருந்தியாக வேண்டும். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் கெட்டுவிடும்.

"கூலி கொடுக்கவே கட்டுப்படியாகவில்லை, இதில் கம்பெனி சாமானா?" என்று முதலாளிகள் கேட்கலாம். வருத்தம் புரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாகத்தைத் தேர்ந்தெடுப்பவர் நீங்கள், மிஷினைப் பிடிப்பவர் வேறொருவர். மிச்சமாகும் பணம் உங்கள் சட்டைப்பைக்கு வருகிறது. செயின் அறுந்தால் போவது அவருடைய கை. தினக்கூலிக்கு வந்தவரிடம் "எந்தச் செயின் போடலாம்?" என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அடுத்தவர் உடம்பை வைத்து மிச்சம் பிடிப்பதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் 2011-ன்படி பொட்டலத்தின் மேல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் இருக்க வேண்டும். அவை இல்லாத சரக்கை "அதேதான் சார், விலைதான் கம்மி" என்று தள்ளிவிடாதீர்கள்.

வாங்குபவர்கள் பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள், பில் கேளுங்கள். பில் தர மறுக்கும் கடையில் பாகமும் வாங்காதீர்கள்.

மழைக்காலம் வருவதற்குள் உங்கள் மிஷினில் செயின் பிரேக் வேலை செய்கிறதா, கேட்சர் இருக்கிறதா என்று பாருங்கள். மிஷின் பிடிக்கும் தம்பிகளுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.