வெயிலுக்கு நெளியும் கார் பிளாஸ்டிக்; வாரண்டி கேட்டால் கைவிரிப்பு! கால்டாக்சி டிரைவர்கள் என்ன செய்யலாம்?

வேலூர்:-

கத்திரி வெயில் வந்துவிட்டால் வேலூர்க்காரர்கள் பாடு திண்டாட்டம்தான். மே மாதத்தில் வெயில் சதம் அடிப்பது இந்த ஊரில் செய்தியே கிடையாது. 104, 106 டிகிரி என்று ஏறிக்கொண்டே போகும். மனுஷன் மோர், நுங்கு, தர்பூசணி என்று சமாளித்துவிடுவான். காலை முதல் மாலை வரை வெட்டவெளியில் நிற்கிற கார் என்ன செய்யும்?

காட்பாடி ரெயில் நிலையம், ஆஸ்பத்திரி வாசல், பஸ் நிலையம் என்று சவாரிக்காகக் காத்து நிற்கும் கார்களை ஒரு சுற்று பார்த்தாலே தெரியும். சில வண்டிகளில் கதவுக்குக் கீழே ஒட்டியிருக்கும் கருப்பு பட்டை நடுவில் வில் போல வளைந்து நிற்கும். சிலவற்றில் பம்பர் மூலை பாடியை விட்டு விரல் நுழைகிற அளவுக்கு விலகி இருக்கும். வைப்பருக்கு அடியில் உள்ள கருப்பு மூடி அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கும்.

வண்டி வாங்கி 2 வருஷம் கூட ஆகவில்லையே என்று ஷோரூமுக்குப் போனால், "இது வாரண்டியில் வராது" என்று ஒரே வரியில் பதில் வருகிறது என்பதுதான் டிரைவர்களின் புலம்பல். பாகத்தை மாற்ற சில ஆயிரம், கூலி தனி, பெயிண்ட் அடிக்கிற பாகமாக இருந்தால் அதற்குத் தனி. அன்றைய நாள் சவாரியும் போச்சு.

வெயிலுக்கு பிளாஸ்டிக் ஏன் நெளிகிறது? வாரண்டி உண்டா, இல்லையா? கைவிரித்தால் எங்கே போய் முறையிடுவது?

வளைவது எப்படி?

எந்தப் பொருளும் சூடானால் கொஞ்சம் நீளும். இரும்பு கொஞ்சமாக நீளும். பிளாஸ்டிக் அதைப்போல பல மடங்கு நீளும். கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும். காலையில் இருந்த சூட்டைவிட மதியம் 40 டிகிரி செல்சியஸ் கூடினால், 1 மீட்டர் நீள இரும்புத் தகடு அரை மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். அதே நீளத்தில் ஏ.பி.எஸ். எனப்படும் பிளாஸ்டிக் பட்டை 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளும்.

40 டிகிரி கூடுமா என்று கேட்கலாம். தாராளமாகக் கூடும். கருப்பு பிளாஸ்டிக் வெயிலை அப்படியே குடிக்கும். காற்றில் 42 டிகிரி இருந்தால் பட்டையின் மேல் 70 டிகிரி கூட இருக்கும். கை வைத்தால் சுட்டுவிடும்.

நீளுகிற பட்டைக்கு நகர இடம் வேண்டும். அதற்காகத்தான் உள்ளே மாட்டும் கிளிப்புகளின் ஓட்டையை கொஞ்சம் நீளவாக்கில் வைத்திருப்பார்கள். அந்த ஓட்டை இறுக்கமாக இருந்தாலோ, கிளிப் தப்பாக மாட்டப்பட்டிருந்தாலோ பட்டைக்குப் போக வழி இல்லை. வெளிப்பக்கம் புடைத்து நிற்கும். ஒரு நாள், 2 நாள் என்றால் இரவில் ஆறி பழையபடி உட்கார்ந்துவிடும். தினம் தினம் இதே கதை என்றால் வளைந்தது வளைந்ததுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் செலுத்தித்தான் இந்தப் பாகங்களைச் செய்கிறார்கள். அச்சுக்குள் ஒரே சீராக ஆறாமல் வெளியே எடுத்துவிட்டால் பாகத்துக்குள் ஒரு இழுவிசை பூட்டி வைத்தது போல இருக்கும். கடையில் பார்க்க நேராகத்தான் தெரியும். வெயிலில் காய்ந்து காய்ந்து அந்த இழுவிசை விடுபடும்போது முறுக்கிக்கொள்ளும். இது முழுக்க முழுக்க தயாரிப்பில் வருகிற குறை.

சைடு மிரர் கூடு, கிரில் போன்றவற்றுக்குப் பயன்படும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் இளகுவதற்கே 100 டிகிரி செல்சியஸ் அளவுக்கு சூடு வேண்டும். வெறும் வெயில் அந்த அளவுக்குப் போகாது. ஆகவே, வேறு எந்தக் காரணமும் இல்லாமல் வெயிலில் நின்றதற்கே பாகம் நெளிந்தால் சந்தேகம் அந்தப் பாகத்தின் மேலும், அதை மாட்டிய விதத்தின் மேலும்தான் வரும்.

ஷோரூம் சொல்வது என்ன?

வாரண்டி புத்தகத்தை யாரும் படிப்பது கிடையாது. டேஷ்போர்டு டிராயரில் கவர் பிரிக்காமலே கிடக்கும். சிக்கல் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பல கம்பெனிகளின் புத்தகத்தில், நாளாக நாளாகத் தானாக வருகிற நிறம் மங்கல், வெளுப்பு, உருமாற்றம் போன்றவற்றுக்கு வாரண்டி கிடையாது என்று பொடி எழுத்தில் இருக்கும். ரப்பர் பாகங்களுக்கும் பெரும்பாலும் கிடையாது. அமில மழை, ரசாயனப் புகை, கல்மழை போன்றவற்றால் வந்த சேதமும் வராது. கூடுதலாகப் பணம் கட்டிப் போட்டுக்கொள்ளும் அக்சசரிகளுக்கு தனி வாரண்டி, அதுவும் குறைந்த காலம்தான். டாக்சி போர்டு வண்டி என்றால் சில கம்பெனிகளில் காலமும் கிலோமீட்டரும் இன்னும் குறைவு.

"உருமாற்றம்" என்ற அந்த ஒரு வார்த்தையைக் காட்டித்தான் கைவிரிக்கிறார்கள். 8 வருஷம் ஓடிய வண்டியில் பட்டை நெளிந்தால் அது வயசான கோளாறு, ஒத்துக்கொள்ளலாம். ஒன்றரை வருஷ வண்டியில் நெளிந்தால் அதை எப்படி வயசான கோளாறு என்று சொல்ல முடியும்? வழக்கு வந்தால் முட்டி மோதும் கேள்வி இதுதான்.

ஷோரூம் தரப்பிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. வாரண்டியில் மாற்றிக்கொடுக்கும் பாகத்துக்கு டீலருக்குப் பணம் தருவது கம்பெனி. போட்டோ எடுத்து அனுப்பி, கம்பெனி ஓ.கே. சொன்னால்தான் பணம் வரும். கம்பெனி மறுத்துவிட்டால் டீலர் தலையில் விழும். அந்த பயத்தில், அனுப்பிப் பார்க்காமலே வாசலிலேயே பதில் சொல்லி அனுப்புவதும் நடக்கும். ஆகவே "கம்பெனிக்கு அனுப்பினீர்களா, என்ன பதில் வந்தது?" என்று கேட்பது முக்கியம்.

டிரைவர்கள் செய்யும் தப்பு

எல்லா பழியையும் கம்பெனி மேல் போட முடியாது. வாரண்டியை நாமே கெடுத்துக்கொள்ளும் காரியங்களும் நடக்கின்றன.

பளபளப்பு வரட்டும் என்று பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் போட்டுத் துடைப்பது. வாட்டர் சர்வீஸில் பிரஷர் பைப்பை பட்டையின் ஓரத்திலேயே வைத்து அடிப்பது. குப்பை எரிகிற இடத்துக்குப் பக்கத்தில் வண்டியை விடுவது. லேசாக இடித்த பம்பரை டிங்கரிங் கடையில் சூடு காட்டி நிமிர்த்துவது. இதில் எது நடந்திருந்தாலும் ஷோரூம்காரர் கண்டுபிடித்துவிடுவார். அதன் பிறகு பேச்சுக்கே இடம் இல்லை.

எது கம்பெனி குறை, எது வெளிக்காரணம் என்று ஓரளவுக்கு நாமே பார்க்கலாம். 2 பக்கமும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வளைந்திருந்தால், கீறல் இல்லாமல் இருந்தால், அதே மாடல் வேறு வண்டிகளிலும் அப்படியே இருந்தால் பாகத்தில்தான் கோளாறு. ஒரு பக்கம் மட்டும், ஒரு இடத்தில் மட்டும் உருகிக் கொப்பளித்தது போல இருந்தால் வெளியில் இருந்து சூடு பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

லண்டனில் காரை உருக்கிய கட்டிடம்!

வெளிச்சூடு என்றால் நெருப்பு மட்டும் கிடையாது. 2013-ம் ஆண்டு லண்டனில் நடந்த கூத்து உலகம் முழுக்க பேசப்பட்டது. 20 பென்சர்ச் ஸ்டிரீட் என்ற முகவரியில் கட்டப்பட்டு வந்த உயரமான கட்டிடத்தின் கண்ணாடிச் சுவர் உள்பக்கமாக வளைந்திருந்தது. அதில் பட்ட வெயில் பூதக்கண்ணாடி போல ஒரே இடத்தில் குவிந்து, கீழே நின்ற ஜாகுவார் காரின் சைடு மிரரையும் பாடி பாகங்களையும் உருக்கிவிட்டது.

அப்போது பணம் கொடுத்தது கார் கம்பெனி அல்ல. கட்டிடத்தைக் கட்டியவர்கள் 946 பவுண்டு பழுதுச் செலவை ஏற்றுக்கொண்டார்கள். பிறகு கண்ணாடிச் சுவருக்கு வெயில் மறைப்பும் போட்டார்கள்.

நம்ம ஊரிலும் இப்போது கண்ணாடி முகப்பு வைத்த கடைகளும் கட்டிடங்களும் பெருகிவிட்டன. வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் எதிர்க் கண்ணாடியில் இருந்து வெளிச்சம் பளீர் என்று வண்டி மேல் விழுகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

இன்சூரன்ஸ் கைகொடுக்குமா?

ஷோரூமில் மறுத்ததும் அடுத்து எல்லோருக்கும் வருகிற யோசனை இன்சூரன்ஸ். அங்கேயும் கதவு சாத்தித்தான் இருக்கிறது. இன்சூரன்ஸ் விபத்துக்குத்தான். தேய்மானத்துக்கோ தயாரிப்புக் கோளாறுக்கோ கிடையாது.

விபத்தில் பம்பர் உடைந்தாலே, சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு பாதி விலையைக் கழித்துவிட்டுத்தான் தருவார்கள். கிளைம் போட்டால் அடுத்த வருஷ போனஸ் தள்ளுபடியும் போய்விடும். சில ஆயிரம் ரூபாய் பட்டைக்காக அதை இழப்பது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான்.

கோர்ட்டுக்குப் போக முடியுமா?

முடியும். அதற்கு செலவும் அதிகம் இல்லை. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டியை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். சென்னையில் வாங்கிய காருக்கு வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாமே பேசலாம்.

நாம் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகள் மாவட்ட ஆணையத்துக்கு வரும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய்தான்.

டாக்சி டிரைவர்களை மிரட்டும் ஒரு வாதம் இருக்கிறது. "நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கியவர், நுகர்வோர் கிடையாது" என்பார்கள். இதற்கு பயப்படவேண்டாம். சுயதொழிலாக, சொந்தப் பிழைப்புக்காக வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் எதிர்தரப்பாக இருந்த ஒரு வழக்கில் 1995-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதைத் தெளிவுபடுத்தியது. ஆட்டோவோ காரோ வாங்கி தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். ஆள் வைத்து ஓட்டுவதற்கு மட்டுமே வாங்கியவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

எதைக் கேட்கவேண்டும் என்பதிலும் உஷார் தேவை. பட்டை நெளிந்ததற்கு புது கார் கேட்டால் எடுபடாது. வாரண்டியில் கோளாறான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் கம்பெனி ஒப்புக்கொண்டிருக்கிறது என்றால், முழு காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்று 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு கார் வழக்கில் சொல்லிவிட்டது. பாகத்தை இலவசமாக மாற்றுவது, கூலி, பெயிண்ட் செலவு, அலைச்சலுக்கு நஷ்டஈடு, வழக்குச் செலவு என்று நியாயமாகக் கேட்டால் பலன் உண்டு.

ஜாப் கார்டுதான் ஆயுதம்

இந்த மாதிரி வழக்கில் ஜெயிப்பதும் தோற்பதும் கையில் இருக்கும் காகிதத்தைப் பொறுத்தது. சர்வீசுக்கு வண்டியை விடும்போது எழுதும் ஜாப் கார்டில் "வலது கதவு பட்டை நெளிந்துள்ளது" என்று எழுதச் சொல்லவேண்டும். "பார்த்துக்கலாம் அண்ணே" என்று வாய்ப்பேச்சில் முடித்துவிட்டு, கார்டில் ஆயில் மாற்றினோம் என்று மட்டும் எழுதினால், நாளைக்கு நாம் புகார் சொன்னதற்கே சாட்சி இல்லை.

வளைவு தெரிந்த அன்றே தேதி தெரிகிற மாதிரி 2 பக்கமும் போட்டோ எடுத்து வைக்கவேண்டும். அன்று வண்டி ஓடிய கிலோமீட்டரையும் படம் எடுக்கவேண்டும். மறுத்தால், என்ன காரணத்துக்காக மறுக்கிறீர்கள் என்று எழுத்து மூலமாகக் கேட்கவேண்டும். தரவில்லை என்றால் டீலருக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டு ரசீதை பத்திரப்படுத்தவேண்டும். முக்கியமாக, பழைய பட்டையைக் கழற்றித் தூக்கி எறியக்கூடாது. பரிசோதனை இல்லாமல் குறையை முடிவு செய்ய முடியாது என்று தோன்றினால், பாகத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பாகம் இல்லை என்றால் எதைச் சோதிப்பது?

அடுத்த சர்வீசில் பார்ப்போம், அதற்கடுத்த சர்வீசில் பார்ப்போம் என்று இழுத்தடித்தால் ஏமாந்துவிடக்கூடாது. பிரச்சினை எழுந்த நாளில் இருந்து 2 வருஷத்துக்குள் வழக்கு போடவேண்டும்.

அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாம். தமிழிலும் புகார் சொல்லலாம். அவர்கள் புகாரை கம்பெனிக்கு அனுப்பி பதில் வாங்கித் தருவார்கள். அதிலேயே சுமுகமாக முடிந்தால் கோர்ட்டுப் படி ஏறவேண்டியதில்லை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று நம்ம மாநிலத்திலேயே கார் செய்கிறார்கள். மே மாத வெயில் எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. வேலூரில் விற்கிற கார் வேலூர் வெயிலைத் தாங்கித்தான் ஆகவேண்டும். தாங்கவில்லை என்றால் வெயிலைக் கைகாட்டிவிட்டு நழுவ முடியாது. அதைக் கேட்கும் உரிமை மாதாமாதம் டியூ கட்டும் டிரைவருக்கு இருக்கிறது. கையில் ஜாப் கார்டு இருந்தால் தைரியமாகக் கேட்கலாம்.