வரைபடத்தைப் பதிவிறக்கினோம், ஊர்ப்பெயர்களை எப்போது பதிவேற்றுவோம்?

களப்பணிக்குப் புறப்படும் மாணவர்களிடம் நாம் தவறாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: "அங்கே சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்னரே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்." 2023 அக்டோபரில் எர்ணாகுளம் மாவட்டத்துக் கோதுருத்தில் மழையிரவில் கார் ஆற்றில் விழுந்து இளம் மருத்துவர் இருவர் இறந்தபின், கேரளக் காவல்துறை பொதுமக்களுக்கு வழங்கிய அறிவுரைகளுள்ளும் இது இடம்பெற்றது. அறிவுரையில் பிழையில்லை. அதைச் சொல்லிவிட்டதோடு நம் கடமை முடிந்தது என்று ஆய்வுலகம் கருதுவதைத்தான் நான் மறுக்கிறேன்.

கைபேசி தன் இருப்பிடத்தை அறியக் கோபுரம் தேவையில்லை. செயற்கைக்கோள்கள் அனுப்பும் குறிப்பலைகளைப் பெற்று அதுவே கணக்கிட்டுக்கொள்கிறது. இணையம் இருந்தால் முதற்கணிப்பு விரைவாகக் கிட்டும். இல்லையேல் திறந்த வானத்தின் கீழ்ச் சற்றுக் காத்திருக்க வேண்டும், அவ்வளவே. ஆகவே சிக்னல் அற்ற இடத்திலும் நீலப்புள்ளி தோன்றிவிடும். அந்தப் புள்ளியைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதை முன்பே ஒருவர் எழுதி வைத்திருந்தால்தான் வரைபடம் காட்டும். மேலும், கூகுள் வரைபடம் இணையமின்றி வாகனத்திற்கு மட்டுமே வழி சொல்லும், நடப்பவருக்குச் சொல்லாது. களப்பணியாளரோ பெரும்பாலும் நடப்பவர்.

என் ஆய்வுப்பகுதி பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரக் கிராமங்கள். களியக்காவிளை வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு குறையும் இல்லை. கிழக்கே வெள்ளறடை, அம்பூரி எனக் குன்றுகள் உயர உயர நிலைமை மாறுகிறது. அங்கு வீடுகள் தெருவாக நிற்பதில்லை. ரப்பர் தோட்டங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கின்றன. அவற்றை இணைப்பவை ஒற்றையடிப் பாதைகளும் வயல்வரப்புகளும். கடந்த மழைக்காலத்தில் ஒரு நாள், பதிவிறக்கிய வரைபடத்தோடு அப்படியொரு சரிவில் நின்றேன். திரையில் நீலப்புள்ளி இருந்தது. சுற்றிலும் வெறும் பச்சை. விறகு சுமந்து வந்த மூதாட்டி ஒருவர், "மக்ளே, ரோட்டு வழி போவண்டாம். ஏலாக்கரை வழியா எறங்கி, கொளத்தங்கரை ஏறுனா வீடு" என்றார். ஏலா என்பது அவ்வட்டார வழக்கில் வயற்பரப்பு. ஏலாவும் குளமும் வரம்பும் அவர் நினைவில் இருந்தன. என் கையிலிருந்த படத்தில் ஒன்றுகூட இல்லை.

பெயர்கள் இருக்கும் இடத்திலும் அவை சிதைந்தே இருக்கின்றன. நெய்யாற்றின்கரை என்னும் பெயரில் ஆறும் கரையும் உண்டு. அதை ஆங்கில எழுத்தில் எழுதி, மீண்டும் இயந்திரம்வழித் தமிழாக்கினால் "நெய்யாட்டின்கரா" என வருகிறது. ஆறும் போயிற்று, கரையும் போயிற்று. ரோமன் எழுத்து லகர ளகரத்தை வேறுபடுத்துவதில்லை. விளை, கோணம், குளம் என முடியும் பெயர்கள் எல்லையின் இருபுறமும் ஒன்றாகவே வழங்குகின்றன. நிலவியலும் வேளாண்மையும் மொழியுறவும் பதிந்த சான்றுகள் அவை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஊர்ப்பெயர்கள் அந்தக் கோட்டைப் பொருட்படுத்தவில்லை.

இவற்றையெல்லாம் அறிந்தவர்கள் யார்? நாம்தான். எல்லைப் போராட்டம், வட்டாரவழக்கு, நாட்டார் தெய்வங்கள் என எத்தனையோ தலைப்புகளில் இவ்வூர்களுக்குச் சென்று, ஊராரின் நேரத்தையும் நினைவையும் பெற்று வந்திருக்கிறோம். பெயர்களைப் பின்னிணைப்பில் அடுக்கிப் பட்டம் பெற்றோம். ஆய்வேடு நூலக அலமாரிக்குச் சென்றது. சொன்னவரின் ஊர் வரைபடத்தில் இன்னும் வெறும் பச்சையாகவே கிடக்கிறது. 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்த வார்டு, கானர் இருவரும் கும்பினியின் தேவைக்காக உழைத்தவர்கள். அவர்களைக் காலனிய அறிவதிகாரத்தின் முகவர்கள் என்று விமர்சிக்கிறோம், விமர்சிக்கவும் வேண்டும். ஆனால் ஊராரிடம் பெற்ற அறிவை ஊருக்குத் திருப்பித் தராத நாம் எவ்வகையில் மேலானவர்கள்?

"உள்ளூர் மக்களுக்கு வரைபடம் எதற்கு?" என்பர் சிலர். நாள்தோறும் நடப்பவருக்கு வேண்டாம். இரவில் வரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு வேண்டும். 2001 நவம்பரில் அம்பூரியில் நிலச்சரிவு வீடுகளை மூடியது. அத்தகைய நாளில் கோபுரங்களும் விழலாம். வெளியூரிலிருந்து வரும் மீட்புப்படையின் கைபேசியில் இருக்கும் படமே அப்போது உதவும். "இது அரசின் வேலை" என்பர் வேறு சிலர். 2018 வெள்ளத்திற்குப் பின் கேரள அரசே "மாப்பத்தான் கேரளம்" என்னும் பெயரில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதிவு செய்யத் தன்னார்வலர்களை அழைத்தது. அரசு அழைத்தபின்னும் பல்கலைக்கழகம் ஒதுங்கி நிற்பது முறையா?

கருதவேண்டிய மறுப்பு ஒன்று உண்டு: எல்லாவற்றையும் வரைபடத்தில் ஏற்றுவது மக்களுக்குத் தீங்காகலாம் என்பது. உண்மை. காணிக்காரர் குடியிருப்புகளையும் வழிபாட்டிடங்களையும் அவர்கள் இசைவின்றிப் பதியக்கூடாது. தனியார் வீட்டை ஆள்பெயரோடு குறிக்கக்கூடாது. ஆனால் பொதுக்குளம், பொதுவழி, பள்ளி, படித்துறை, ஊர்ப்பெயர் ஆகியவற்றை மறைத்து வைப்பதால் யாருக்கும் பாதுகாப்பில்லை.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் இடத்தின் தமிழ்ப் பெயருக்கும் மலையாளப் பெயருக்கும் தனித்தனி இடமுண்டு. எது மூலம் என்று சண்டையிடாமல் இரண்டையும் எழுதலாம். அதைப் பயன்படுத்தும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் போன்ற செயலிகள் இணையமின்றி நடைவழியும் காட்டும். ஆகவே நெறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: களப்பணி செய்த மாணவர் தாம் நடந்த பொதுவழிகளையும் கேட்டறிந்த ஊர்ப்பெயர்களையும், ஊரார் இசைவோடு, திறந்த வரைபடத்தில் பதிந்த பின்னரே ஆய்வேட்டுக்கு ஒப்பமிடுங்கள். என் பின்னிணைப்பிலுள்ள பெயர்களை இந்த மாதமே பதியத் தொடங்கியிருக்கிறேன். முதலில் ஏறவிருப்பது அந்த மூதாட்டி சொன்ன ஏலாக்கரை வழி.