அங்க அடையாளம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, நண்பர் ஒருவரின் துணையோடு, வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லமொன்றுக்குப் போயிருந்தேன். அலுவலக மேஜையின்மேல் விரித்திருந்த சேர்க்கைப் பதிவேட்டில் பெயர், தகப்பனார் பெயர், வயது, வழக்கின் பிரிவு என்று கட்டங்கள் வரிசையாக நிரம்பியிருக்க, கடைசிக் கட்டத்தில், பள்ளிச் சான்றிதழில் எழுதுவார்களே அதே பாணியில், அங்க அடையாளங்கள் குறிக்கப்பட்டிருந்தன. ஒருவனுக்கு வலது கன்னத்தில் மச்சம், இன்னொருவனுக்கு முழங்காலில் காயவடு, அதற்கடுத்த பையனுக்கோ ‘இடது முன்கையில் வரிசையாகப் பழைய கீறல் தழும்புகள்’. பிளேடினால் தன் கையைத் தானே அறுத்துக்கொண்ட ஒரு பிள்ளையின் துயர சரித்திரம் முழுவதும், அவன் தப்பியோடினால் பிடித்துவர உதவும் அடையாளமாக மட்டுமே சர்க்கார் காகிதத்தில் இடம்பெற்றிருந்தது. எழுதியவர்மீது எனக்குக் கோபம் உண்டாகவில்லை. தழும்பைக் கண்டார், தழும்பு என்று எழுதினார்; அது ஏன் உண்டாயிற்று என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டமே இல்லை.

அந்தக் கட்டம் வேண்டும் என்பது புதிய யோசனையன்று. உலகத்தின் முதல் சிறார் நீதிமன்றம் 1899ல் சிகாகோ நகரத்தில் தோன்றிப் பத்தாண்டுகள் ஆவதற்குள், அதே பையன்கள் திரும்பத் திரும்பக் கூண்டுக்கு வருவதைக் கண்டு கவலையுற்ற சிலரின் முயற்சியால், வில்லியம் ஹீலி என்ற மருத்துவரின் பொறுப்பில் 1909ல் அந்நீதிமன்றத்தோடு இணைந்த மனோதத்துவப் பரிசோதனை நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. அப்படித் திரும்பி வந்த சிறுவர்களை ஒவ்வொருவராக ஆராய்ந்து, குற்றத்துக்குப் பொதுக் காரணம் ஒன்றைத் தேடுவதைவிட இந்தப் பிள்ளைக்கு நேர்ந்தது என்ன என்று தேடுவதே பிரயோஜனமுள்ள காரியம் என்ற தீர்மானத்துக்கு வந்த ஹீலி, 1915ல் அதைப் பெரிய நூலாகவும் எழுதினார். அதே நகரத்தின் சிறார் காவல் இல்லத்தில், 1995 முதல் 1998 வரை, லிண்டா டெப்ளின் என்ற ஆய்வாளரின் குழு 1,829 பேரைத் தனித்தனியே விசாரித்தபோது, பையன்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கும், பெண்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்கும் ஏதேனும் ஒரு மனநோயாவது இருந்தது. 19 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2021ல் வெளிவந்த கணக்கும் இதே திசையைத்தான் காட்டுகிறது: காவலிலுள்ள பையன்களில் பத்தில் ஒருவருக்கும் பெண்களில் நான்கில் ஒருவருக்கும் கடுமையான மனச்சோர்வு.

இங்கே சிறு எச்சரிக்கை ஒன்று அவசியம். இத்தகைய கணக்குகளில் முதலிடம் பெறுவது, பாதிக்கு மேற்பட்டோருக்கு இருப்பதாகச் சொல்லப்படும் ‘நடத்தைக் கோளாறு’. திருடுவதும் பொய் சொல்வதும் அடிதடியில் இறங்குவதும் அந்தக் கோளாற்றின் லட்சணங்களாகவே வைத்தியப் புத்தகத்தில் எழுதப்பட்டிருப்பதால், திருடிப் பிடிபட்டவர்கள் நடுவில் அது மிகுந்திருப்பதைக் கண்டு பிரமிப்பது, குளத்தில் இறங்கியவனின் வேட்டி நனைந்திருக்கிறதே என்று பிரமிப்பதற்குச் சமானம்.

ஆயினும் ஆய்வுகள் காட்டும் ஒரு பேதம் மிகவும் முக்கியமானது. மீண்டும் குற்றத்துக்குத் திரும்புவோர் பெரும்பாலும் மனச்சோர்வு மட்டுமே கொண்டவர்கள் அல்லர். ஓரிடத்தில் மனம் நிலைக்காத கோளாறும் முரட்டு நடத்தையும் போதைப் பழக்கமும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியவர்களே. சோர்வில் ஆழ்ந்தவன் பெரும்பாலும் பிறருக்குத் தீங்கு செய்வதில்லை, தன் கையையே அறுத்துக்கொள்கிறான். இல்லத்தின் அன்றாட வாழ்க்கையிலோ, தட்டை வீசியெறிபவனுக்கு அடியும், மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவனுக்கு ‘சாதுப் பையன்’ என்ற நற்சாட்சியும் கிடைக்கின்றன. ஆக, வைத்தியரைப் பார்க்க வேண்டிய இருவரில் ஒருவரும் வைத்தியரிடம் போய்ச் சேர்வதில்லை.

சட்டம் இதை அறியாதது என்று சொல்வதற்கில்லை. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம், இல்லங்கள் அளிக்க வேண்டிய சேவைகளின் பட்டியலில் மனநல உதவியையும் போதை மீட்பு சிகிச்சையையும் சேர்த்தே வைத்திருக்கிறது. ஆனால், கொடிய குற்றம் சுமத்தப்பட்ட பதினாறு வயதுக்கு மேற்பட்டவனைப் பெரியவர்களைப் போல் விசாரிக்கலாமா என்று நிர்ணயிப்பதற்காக அவன் மனத்தை அளந்து பார்க்கும் பரிசோதனைக்கு மட்டும் மூன்று மாதக் கெடு விதித்திருக்கிறது. அதில் தகுந்த நிபுணரின் துணை கட்டாயம் என்று உச்ச நீதிமன்றமும் 2022ல் வலியுறுத்தியது. தண்டனையின் பொருட்டு மனத்தை அளக்க நாளும் நிபுணரும் உண்டு. சைக்கிள் திருடி மூன்றாம் முறை வந்து நிற்கும் பதினான்கு வயதுப் பையனின் மனத்தை, அவன் சுகப்படும் பொருட்டுப் பார்க்க, அத்தகைய கெடு ஒன்றும் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வுதான் என் வழக்கு.

மாகாணங்களுக்குள் முதலாவதாக, 1920லேயே, சிறுவர் சட்டம் இயற்றிய பெருமை சென்னைக்கு உண்டு. அதே மண்ணில், 2022 டிசம்பர் கடைசியில், செங்கற்பட்டு கூர்நோக்கு இல்லத்திலிருந்த ஒரு சிறுவன் மரணமடைந்து, ஊழியர்கள் கைதாகி, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் தலைமையில் ஒரு நபர் குழு அமைத்து இல்லங்களின் நிலையை ஆராய வேண்டிய நிர்ப்பந்தமும் ஏற்பட்டது. அடிப்பவர்களை அகற்றுவது முதற்காரியம், சந்தேகமில்லை. ஆனால் அடியில்லாத இல்லத்திலும், போதைக்காகச் சொல்யூஷன் முகர்ந்து பழகியவனுக்கு இரவு மூன்று மணிக்கு உடல் நடுங்கும்போது பக்கத்தில் இருக்கப்போவது காவலர்தானே? மாவட்டந்தோறும் மனநலத் திட்டம் நடைபெறும் தமிழ்நாட்டில், சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பிள்ளையையும் மனநல மருத்துவர் பார்த்தாக வேண்டும், விடுதலையானபின் அவன் ஊருக்கு அருகிலுள்ள மருத்துவரின் பெயரை எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்று ஒரு விதி செய்வது பெரிய செலவுமன்று.

இரண்டாவதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. நான் போயிருந்த அன்று பிற்பகல், ஒரு பையன் விடுதலையாகிக் கொண்டிருந்தான். சட்டையும் செருப்பும் திரும்பிவந்தன; தாயார் கைநாட்டு வைத்தாள்; ஊழியர், பத்து மாத்திரைகளைச் செய்தித்தாளில் மடித்து அவள் கையில் கொடுத்து, “தினம் ராத்திரி ஒண்ணு குடும்மா, தீர்ந்ததும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ” என்றார், கனிவாகவே. அவள் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு இரண்டடி நடந்தவள், திரும்பி வந்து, “அங்க யாரைப் பாக்கணும் சார்?” என்று கேட்டாள். ஊழியர் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்தார். அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்.