நாம் ஏன் அன்னத்துக்கு வாக்களிக்கிறோம்



எதிர்வரும் 2015 ஜனவரி 8ஆம் திகதி நடைபெறவுள்ள ஜனாதிபதித் தேர்தலில், பொது எதிரணி வேட்பாளர் மைத்திரிபால சிறிசேனவுக்கு வாக்களிப்பதென எமது குடும்பத்தார் தீர்மானித்துள்ளோம். வாக்கு ஓர் அமானிதம்; இன்னார் இப்பதவிக்குத் தகுதியானவர் என நாம் கூறும் சாட்சியம். ஆதலால் காரணத்தையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் நன்மைகளை மறைப்பது நீதியன்று. 2009இல் போர் முடிவுற்றது. 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் அகதிகளாய் வாழ்ந்தோர் சொந்த மண்ணை மீண்டும் மிதிக்க அதனால் வழி பிறந்தது. பலஸ்தீன மக்களுக்கு அவர் நெடுங்காலமாக நண்பர். எமது வீட்டுப் பெரியவர்கள் இவற்றை நினைவூட்டும்போது நாம் மறுத்துரைப்பதில்லை. ஆனால் ரமல்லாவின் நண்பர் தர்கா நகருக்கும் நண்பராக இருந்தாரா?

2012இல் தம்புள்ளைப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. 2013இல் ஹலால் இலச்சினையை உள்ளூர்ச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ள நேர்ந்தது. அதே ஆண்டு கிராண்ட்பாஸ் பள்ளிவாசல் மீது கல்லெறியப்பட்டது. 2014 ஜூன் 15ஆம் திகதி அளுத்கமையில் பொது பல சேனாவின் கூட்டம் கலைந்த பின் நிகழ்ந்ததை நாம் விவரிக்கத் தேவையில்லை. உயிர்கள் பறிபோயின. ஊரடங்குச் சட்டம் அமுலில் இருந்தபோதே வீடுகளும் கடைகளும் எரிந்தன.

காடையர் எந்நாட்டிலும் இருப்பர். பொலிஸார் ஏன் கைகட்டி நின்றனர் என்பதே எமது கேள்வி. அதன் விடையில் ஒரு பகுதி, 2010 செப்டெம்பரில் நிறைவேறிய அரசியலமைப்பின் 18ஆவது திருத்தத்தில் உள்ளது. ஒருவர் இரு தடவைகளுக்கு மேல் ஜனாதிபதியாக முடியாதென்ற வரம்பு அதனால் நீங்கியதைப் பலரும் பேசுகின்றனர். சுயாதீன பொலிஸ் ஆணைக்குழு தன் அதிகாரத்தை இழந்ததைப் பேசுவோர் குறைவு. நியமனமும் இடமாற்றமும் மேலிடத்தின் விருப்பில் தங்கியிருக்கும்போது, ஒரு பொறுப்பதிகாரி சட்டப் புத்தகத்தைப் பார்ப்பாரா, மேலிடத்தின் முகத்தைப் பார்ப்பாரா? (முஸ்லிம் காங்கிரஸ் உறுப்பினர்களும் அத்திருத்தத்துக்கு ஆதரவாகவே வாக்களித்தனர் என்பதையும் மறந்துவிடலாகாது.)

மைத்திரிபால, சுயாதீன ஆணைக்குழுக்களை மீள நிறுவுவதாகவும் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைப்பதாகவும் 100 நாள் வேலைத்திட்டத்தில் வாக்களித்துள்ளார். எமக்கென அவர் சலுகை எதையும் தரவேண்டியதில்லை. பேருவளை வியாபாரிக்கும் பொலன்னறுவை விவசாயிக்கும் பொலிஸ் நிலையத்தில் ஒரே சட்டம் இருந்தால் போதும்.

அவர் குறையற்றவரா? இல்லை. 18ஆவது திருத்தம் நிறைவேறியபோதும் அளுத்கமை எரிந்தபோதும் அவர் அதே அரசாங்கத்தின் அமைச்சர். இன்று அவரது மேடையில் ஜாதிக ஹெல உறுமயவும் அமர்ந்திருக்கிறது. அது எமக்கு உவப்பானதன்று. எனினும் சுகாதார அமைச்சராக இருந்து, சிகரெட் பெட்டிகளில் நோய் எச்சரிக்கைப் படங்கள் இடம்பெறவேண்டுமென்பதற்காகப் புகையிலைக் கம்பனியுடன் நீதிமன்றம் வரை மோதியவர் அவர். பணபலத்துக்கு அஞ்சாமை அரசியலில் அரிதான பண்பு.

"வெல்பவரோடு நிற்பதே சமூகத்துக்குப் பாதுகாப்பு" என்று சிலர் அறிவுரை கூறுகின்றனர். அமைச்சர்கள் அரசாங்கத்தோடு நின்ற காலத்தில்தான் தம்புள்ளையும் அளுத்கமையும் நிகழ்ந்தன. இப்போது றிஷாத் பதியுதீனும் றவூப் ஹக்கீமும் டிசெம்பர் இறுதியில் எதிரணிக்கு வந்துள்ளனர். மக்கள் அதற்கு முன்னரே வந்துவிட்டனர்.

தேர்தல் தினத்தன்று ஸுபஹ் தொழுகை முடிந்ததும் தேசிய அடையாள அட்டையோடு புறப்படுங்கள். வீட்டுப் பெண்களையும் முதியோரையும் காலையிலேயே அழைத்துச் செல்லுங்கள். மைத்திரிபால வென்று 100 நாட்கள் கழிந்தும் பொலிஸ் ஆணைக்குழு மீளவில்லையெனில், இதே கேள்வியை அவரிடமும் எழுப்புவோம், இன்ஷா அல்லாஹ்.