ஒருவர் அசைந்தால் வீடே அசையும்



வட அந்தமானில் உள்ள திக்லிபூர் என் ஊர். 1950-களில் கிழக்கு வங்கத்து அகதிகளை அங்குக் குடியேற்றிய அரசு, ஆளுக்கு நிலம் அளக்கவில்லை, குடும்பத்துக்கு அளந்தது. காட்டைத் திருத்தி வயலாக்குவது தனியொருவரால் ஆகக்கூடியதோ? நிலம் என்றால் குடும்பத்தை ஒன்றாக எண்ணும் நாம், துன்பம் என்றால் மட்டும் ஒருவரைப் பிரித்தெடுத்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோமே, அது ஏன்?

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அப்பாவும் அம்மாவும் மனம் கசந்தால் நேரில் பேசமாட்டார்கள். "உன் அம்மாவிடம் சொல்" என்பார் அவர். "உன் அப்பாவையே கேள்" என்பார் இவர். தூதுவன் நான். படிப்புக்காக மூன்று நாள் கப்பற்பயணம் செய்து சென்னை வந்தேன். மறு ஆண்டே சேதி வந்தது: தம்பி பள்ளிக்கு மட்டம் போடுகிறான்; இரவில் நேரங்கழித்து வருகிறான்; எதிர்த்துப் பேசுகிறான். "மூத்தவன் தங்கம், இளையவன் தறுதலை" என்று உறவினர் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பு எனக்கு உள்ளூர இனித்தது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

விடுமுறையில் சென்றபோதுதான் உண்மை விளங்கிற்று. நான் இறக்கி வைத்த தூதுச் சுமை அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் தோளில் ஏறியிருந்தது. தாங்கமாட்டாமல் அவன் வீட்டைவிட்டு விலகி விலகி ஓடினான். இன்னொன்றும் கண்டேன். அவனைக் கண்டிக்கும்போது மட்டும் அப்பாவும் அம்மாவும் ஒன்றுபட்டுப் பேசினர்!

அமெரிக்க உளமருத்துவர் மரே போவன், 1954 முதல் 1959 வரை, கடும் மனநோயுற்றவர்களோடு அவர்தம் குடும்பத்தாரையும் மருத்துவமனையிலேயே தங்கவைத்து ஆராய்ந்தார். இருவரிடையே இறுக்கம் மிகும்போது மூன்றாமவரை இழுத்து முக்கோணமாக்கிக் கொள்வது குடும்பங்களின் இயல்பு என்றார். அதே 1950-களில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யாசாகர், நோயாளிகளின் சுற்றத்தாரையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரமிட்டுத் தங்கச் செய்தார். நோய் ஒருவரிடம் தெரியலாம். நலம் பெறுவதற்கு வீடே உடன்வர வேண்டும் என்பதே இவர்கள் காட்டிய வழி.

நான் செய்தது சிறிது. "இனி நானும் தம்பியும் தூது போகமாட்டோம், நீங்களே பேசுங்கள்" என்றேன். இரண்டு நாள் வீட்டில் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் அப்பா தாமே அடுக்களை வாயிலில் வந்து நின்று, அரிசி இருக்கிறதா என்று கேட்டார். அன்று மாலை விளக்கு வைக்குமுன் தம்பி வீட்டில் இருந்தான். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன், முடிச்சு இளகிற்று.

'எல்லாரும் பொறுப்பென்றால் எவரும் பொறுப்பில்லை என்றாகாதா?' எனக் கேட்பீர்கள். ஆகாது. அடிப்பவன் கைக்கு அடிப்பவனே பொறுப்பு. ஆனால், தம் பங்கு என்னவென்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ளும் வீட்டில்தான் மாற்றம் பிறக்கும்.

எங்கள் ஊருக்கருகே ராஸ், ஸ்மித் என இரு தீவுகள் உண்டு. நீர் ஏறும்போது தனித்தனியாகத் தோன்றும்; வற்றினாலோ, இரண்டையும் இணைக்கும் மணல்திட்டு வெளிப்படும். விடுதியில் இருக்கும் நாமும் வீட்டைவிட்டுப் பிரிந்த தீவுகள் அல்லோம். நாம் விட்டுவந்த வேலையை இன்று வீட்டில் யார் சுமக்கிறார்? அடுத்த முறை கைப்பேசியில் அழைக்கும்போது, பணம் கேட்குமுன் அதைக் கேளுங்கள்.